ஒரு நிமிடம் நாற்பத்தேழு செக்கன்

ஒரு நிமிடம் நாற்பத்தேழாவது செக்கனில் யசோதராவின் வாய் மூடிவிடுகிறது, பாட்டு மூடவில்லை. ‘கரையே’ என்று போன குரல் நடுவில் சின்னதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு ‘றாத தோணிக்கு’ என்று மிச்சத்தைப் பாடுகிறது. குரலும் மூச்சும் ஆதிலாவுடையவை. வாய் யசோதராவுடையது. இரண்டையும் ஒரே பெண்ணாக்குவது என் வேலை. மத்தியானத்திலிருந்து அந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பிரேம் முன்னால் தள்ளினால் உதடு சரிவருகிறது, கழுத்து பிழைக்கிறது. இரண்டு பிரேம் பின்னால் இழுத்தால் கழுத்து சரி, ஆனால் மூச்சு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நாளை வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் இந்த வீடியோ கம்பஸுக்குப் போய்ச் சேரவேண்டும். அதே நேரத்துக்கு ரிஷிகேசன் யூடியூபிலும் ஏற்றிவிடுவான். அதற்குப் பிறகு இது யசோதராவின் குரல்தான். யார் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது.

இத்தனைக்கும் ஆட்களை மறைப்பதில் நான் கைதேர்ந்தவள். உள்துறைமுக வீதியில் றுவைஸ் நானாவின் ஸ்டூடியோ மேல்மாடியில் இரண்டு வருடமாக எனக்கொரு மேசை இருக்கிறது. கீழே அவர் பாஸ்போட் படம் எடுப்பார், மேலே நான் ‘பெண்கள் பக்கம்’ வெட்டுவேன். கிண்ணியாவிலோ மூதூரிலோ எங்கள் ஆட்களின் கலியாணம் என்றால் மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிடும். பெண்கள் பக்கத்தைப் பெண்தான் படம்பிடிக்க வேண்டும், பிடித்ததைப் பெண்தான் இருந்து வெட்ட வேண்டும். நான் வேலைசெய்யும்போது கடைக்காரரான றுவைஸ் நானாவே மாடிப்படியில் இருமிக்கொண்டுதான் ஏறுவார். அந்த இருமல் கேட்டதும் என் கை தானாகப் போய்த் திரையை அணைத்துவிடும். வேலை முடிந்தால் பென் ட்ரைவ் மணப்பெண்ணின் உம்மா கையில். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கொம்பியூட்டரில் உள்ளதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலிசெய்து காட்டுவேன். “அல்லாவுக்காகச் சொல்லுங்க மகள், எல்லாம் போயிட்டா?” என்று கேட்பார்கள். போயிட்டு என்பேன். முந்நூறு கலியாணமாவது இருக்கும், ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. ஆதிலாவிடம்தான் சொன்னேன்.

பாட்டு, கம்பஸில் புள்ளிக்காக நாங்கள் செய்யவேண்டிய இறுதி வருட ஒப்படை. நாங்கள் நான்கு பேர். ரிஷிகேசன் கிட்டார் வாசிப்பான், இயக்குவான், எது பிழைத்தாலும் ‘இண்டி’, அதாவது சுயாதீனக் கலை, என்று சொல்லி நியாயப்படுத்துவான். கமெரா ஆடினால் இண்டி, வெளிச்சம் போய்விட்டால் இண்டி, படப்பிடிப்பில் சாப்பாடு வாங்கித் தராவிட்டால் அதுவும் இண்டி. யசோதரா சல்லி என்ற கடற்கரை ஊரில் மீன்பிடிக் குடும்பம். கமெரா முன்னால் ஒரு மணித்தியாலம் நிற்கச் சொன்னாலும் முகம் வாடாமல் நிற்பாள். சுருதி எந்தத் திசை என்று மட்டும் தெரியாது. ஆதிலா குறிஞ்சாக்கேணிக்காரி, நான் திருகோணமலை நகரம். கட்டைபறிச்சான் வயலில் களைபிடுங்கும் பெண்கள் பாடிய ஒரு மெட்டை ரிஷி ஃபோனில் பிடித்து வந்திருந்தான். சொற்களை நாங்களே கன்டீனில் இருந்து எழுதினோம். நானும் ஆதிலாவும் சேர்ந்து எழுதிய இரண்டாவது சரணம் எனக்குப் பிடிக்கும்.

கரையேறாத தோணிக்கு
கயிறு திரிச்சு வச்சிரிக்கன்
திரையடிக்கும் நேரமெல்லாம்
திடுக்கிட்டே எழும்புறன்

முதலில் பாடவேண்டியவளும் யசோதராதான். ஒத்திகையில் அவள் தவறவிட்ட இடத்தை ஆதிலா இப்படித்தான் என்று ஒருதரம் பாடிக் காட்டினாள். ரிஷி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். யசோதராவே, “தாயே, நீயே பாடு, என்னை விடு” என்று கும்பிட்டாள். ஆதிலா கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “குரல் தாறன். முகம் வேணாம். பேரும் வேணாம்.” ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியதாக நினைத்துக்கொண்டோம். தை மாதம் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அஸீம் கட்டாரில். அஸீமின் உம்மா பல்கீஸ் மாமி நல்ல பேர் உள்ள குடும்பம். ஆதிலாவின் வாப்பா ஆதம்பாவா கிண்ணியாப் பாலத்தடியில் போட் என்ஜின் திருத்துகிறவர், ஆதம்பாவா பாஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். இவர்களில் ஒருவரும் பாடாதே என்று சொன்னதில்லை என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. சொல்ல அவர்களுக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. யாரும் மறிக்குமுன்னே நாங்களே எங்களை மறித்துக்கொள்வோம். அதில் எங்களை யாராலும் வெல்ல முடியாது.

சாம்பல்தீவில் ரிஷி வீட்டு அறையில் ஒலிப்பதிவு நடந்தது. ஜன்னலுக்கு மெத்தை சாத்தி, காற்றாடியை நிறுத்தி, பக்கத்து வீட்டு நாயைப் பிடித்துக் கட்டி, எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். யசோதரா பார்த்துப் பழகட்டும் என்று ஆதிலா பாடுவதை என் ஃபோனில் எடுத்தேன். அதற்கு மேல் அதற்கொரு நோக்கமும் இல்லை. ஃபோனை ஒரு அரிசி வாளியின் மேல் சாத்திவைத்தேன், கோணம்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் சாம்பல் நிற முக்காட்டோடு ஆதிலா. பின்னால் மெத்தையின் கோடுகள். பாடத் தொடங்குமுன் மூக்கைச் சொறிகிறாள். பாடும்போது யாரோ ஏசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பவள் போலச் சுவரையே பார்க்கிறாள். ‘கரையே’ என்றதும் தோள் மெல்ல ஏறுகிறது, மூச்சு, ‘றாத’ என்று இறங்குகிறது. கடைசி வரியில் அவளுக்கே தெரியாமல் சிரித்துவிடுகிறாள். நாலு நிமிடம், ஒரே ஷொட். நான் படம்பிடித்தவற்றில் நல்லது எது என்று கேட்டால் அந்த நாலு நிமிடம்தான், மற்றதெல்லாம் சும்மா.

“யசோ பழகினதும் அழிச்சிரு ரிஸ்லா,” என்றாள். சரி என்றேன். இரண்டு கிழமை கழித்து, “அழிச்சிட்டியா?” என்று செய்தி அனுப்பினாள். அழிச்சிட்டன் என்று பதில் போட்டேன். அழிப்பதற்குத்தான் அதைத் திறந்தேன், பொய்யில்லை. திறந்ததும் ஒருதரம் பார்த்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை. வேறு ஒரு பெயரில் ஒளித்துவைத்துவிட்டு, அந்த நாலு நிமிடத்தை அப்படியே வைத்து, வெட்டு ஒன்றும் போடாமல், முடிவில் நாலு பேரின் பெயரும் போட்டு ஒரு வீடியோவும் செய்துவைத்திருந்தேன். ஒருவருக்கும் காட்டுகிற எண்ணம் இல்லை. கலியாண வீடியோக்களில் ஆட்டமும் பாட்டுமாக மூன்று மணித்தியாலம் பார்த்துக் களைத்துப்போகிற நாட்களில் அதைப் போட்டுப் பார்ப்பேன்.

சல்லியில் படப்பிடிப்பு மூன்று நாள். யசோதராவின் அம்மா பத்மாசனி குடையோடு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்று, வெளிச்சத்தை மறைத்து, விலகச் சொன்னால் விலகி, மறுபடி வந்து நின்றார். யசோதரா ஃபோனைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். வாயசைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மூச்சைத் தவிர. ஆதிலா சொல்லுக்கு நடுவில் மூச்செடுப்பாள், வரிக்கு வரி ஒரே இடத்திலும் இல்லை. இவளுக்கு அது பிடிபடவில்லை. எங்கெல்லாம் பிடிபடவில்லையோ அங்கெல்லாம் நான் முகத்தை விட்டுவிட்டுக் கடலுக்கு வெட்டினேன். கடல் அலுத்ததும் கவிழ்த்துப்போட்ட தோணி. பிறகு வலை உலர்த்துகிற கைகள், துறைமுகத்துப் பாரந்தூக்கி, பத்மாசனி அக்காவின் குடைக்கம்பி. முடிவில் நாலு நிமிடப் பாட்டில் யசோதராவின் முகம் ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் வெட்டைப் பார்த்த விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அவள் மூச்சு விடுற ஒவ்வொரு இடத்திலயும் கமெரா முகத்தைத் திருப்புது. பெண்ணின்ர மௌனத்தை இதவிடச் சொல்லேலாது. துணிச்சலான தெரிவு,” என்றார். ரிஷி தலையைக் குனிந்து நன்றி சொன்னான். வெளியே வந்து படியில் இருந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆதிலாவுக்கு இருமல் வந்துவிட்டது. அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

பகிடி முடிந்தது போன ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது சரணத்தோடு ஒரு நிமிடத்தை எடுத்து, முன்னோட்டம் என்று ரிஷி ஏற்றினான். முகம் கூடுதலாக வருகிற பகுதி அதுதான். நூறு பேர் பார்ப்பார்கள் என்றிருந்தோம், செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளை, என்ன குரல், சினிமாவுக்குப் போகவேண்டிய குரல், தங்கச்சி கண்ணூறு படப்போகுது சுத்திப்போடுங்கோ. எல்லாம் யசோதராவுக்கு. இன்று காலையில் அவள் எனக்கு ஃபோன் எடுத்தாள். குரலில் நித்திரை இல்லாதது தெரிந்தது.

“கோயிலில மார்கழிப் பூசைக்குப் பாடச் சொல்லிக் கேக்கினம் ரிஸ்லா. ஏலாது, தொண்டை சரியில்லையெண்டு சொன்னனான். நேற்று தேனும் திப்பிலியும் கொண்டுவந்து குடுத்திட்டுப் போச்சினம். நான் தவளையெண்டு அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆக்களுக்கு ஓம் ஓம் எண்டு சிரிக்கிறா. அவவின்ர அந்தச் சிரிப்பை என்னாலே பாக்கேலாமக் கிடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆதிலாவின்ர பேரைப் போடு. இல்லாட்டி என்ர முகத்தை எடு. கடலையே போடு, எனக்குக் கவலையில்லை. களவெடுத்த சங்கிலியைப் போட்டுக்கொண்டு திரியிற மாதிரி இருக்கு.”

ரிஷியிடம் சொன்னேன். இப்போது முகத்தை எடுத்தால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள், பெயரைப் போடுவதென்றால் ஆதிலா சொல்லவேண்டும், நீயே கேள் என்று விட்டான். அவனுக்கும் களைப்புத்தான். நான் ஆதிலாவுக்கு ‘கடைக்கு வந்திட்டுப் போ’ என்று மட்டும் செய்தி போட்டுவிட்டு, மறுபடியும் அந்த நாற்பத்தேழாவது செக்கனில் வந்து குந்தினேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆதிலா வந்தாள். கலியாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறாளாம், கையில் தையற்கடைப் பை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் பின்னேரம் முழுக்க ஊதிக்கொண்டே இருந்தது. தெருவில் தேங்கிக் கிடந்த நேற்றைய மழைத்தண்ணீரில் அவளுடைய அபாயாவின் விளிம்பு நனைந்திருந்தது. மறு கதிரையில் இருந்ததும் ஃபோனை என் பக்கம் நீட்டினாள்.

“மாமி அனுப்பினா. கேளு.”

எங்கள் முன்னோட்டம்தான். அதற்குக் கீழே பல்கீஸ் மாமியின் குரல் பதிவு. அமத்தினேன். பின்னால் குசினியில் எதுவோ பொரிகிற சத்தம். “மகள், இந்தப் பாட்டக் கேளுங்க. என்ன கொரல் இந்தப் புள்ளக்கி, மாஷா அல்லாஹ். நான் வேலயெல்லாம் போட்டுட்டுக் கேட்டன். அஸீமுக்கும் அனுப்பினன். அவன் நாலஞ்சு தரம் போட்டானாம்.” அதற்குப் பதிலாக ஆதிலா ஒரு சிவப்பு இதயம் அனுப்பியிருந்தாள்.

“யசோட கொரல என்ட மாப்பிள நாலஞ்சு தரம் கேட்டிருக்காரு,” என்றாள். சிரிப்பதற்குத்தான் சொன்னாள். முகம் அதற்கு ஒத்துவரவில்லை. “எனக்குக் கோவம் வரல்ல ரிஸ்லா. அதுதான் பயமா இரிக்கி. மாமி நல்ல மனிசி, நல்லாத்தான் சொல்றா. அவ என்னப் பத்தி ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்ல. இனிமேலும் யாரப்பத்தியோதான் சொல்லுவா, நான் பக்கத்துல இருந்து ஓம் மாமி எண்டு கேட்டுக்கிட்டு இரிப்பன். குசினிக்குள்ள முணுமுணுக்கவும் ஏலா. கண்டுபுடிச்சிருவா.”

யசோதரா சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவளும் பாவம்தானே என்றாள். நாளைக்கு நாலு மணி என்றேன். தெரியும் என்றாள். பிறகு பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அண்டைக்கு எடுத்தத அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டன் எண்டு சொன்னனே.”

“சொன்னது தெரியும். அழிச்சியா?”

முந்நூறு உம்மாமாருக்குச் சொன்ன சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. இல்லை என்றேன். ஏசுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது. அவள் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டாள்.

“போடு.”

போட்டேன். தன்னையே பார்க்கும் பெண்களை இந்தக் கதிரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மணப்பெண்கள் முதலில் நெற்றிச்சுட்டி நேராக இருந்ததா என்று பார்ப்பார்கள், பிறகு கையின் பருமனைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆதிலா அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. மூக்கைச் சொறிகிற இடத்தில் ‘ச்சீ’ என்றாள், அவ்வளவுதான். முடிந்ததும், திரும்பப் போடு என்றாள். இரண்டாவது தரம் உதட்டுக்குள் தானும் சேர்ந்து பாடினாள், சத்தமில்லாமல். முடிவில் தன் பெயர் வந்தபோது குனிந்து வாசித்தாள். ‘குரல்: ஆதிலா ஆதம்பாவா’ என்று நான் போட்டிருந்தேன்.

“இதுல நான் ஆரோ மாதிரி இரிக்கன்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இல்ல. மத்த நேரம்தான் ஆரோ மாதிரி,” என்றாள். மூன்றாவது தரம் நான் கேட்காமலே போட்டேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இருமல் இல்லை, ஆகவே றுவைஸ் நானா இல்லை. பழக்கதோஷம், என் கை திரையை அணைத்துவிட்டது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குள் ‘கரையே’ வந்து, மூச்சு வந்து, ‘றாத’வும் வந்துவிட்டது. ஆதம்பாவா மாமா மேல்படியில் நின்றார். உள்ளே பெண்கள் என்பதால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஸலாம் சொன்னார். சாரத்தில் கிறீஸ் கறை. வேலையைப் பாதியில் விட்டு மகளை ஏற்ற வந்திருக்கிறார்.

“மழ வருது மகள். முடிஞ்சா?”

“முடிஞ்சி வாப்பா.”

அவர் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், யாரோ ஒரு குழந்தை, யாரோ ஒரு பட்டதாரி. “இந்தப் பாட்டத்தான் ரெண்டு நாளா நம்மட கொட்டில்ல பொடியனுகள் போடுறானுகள்,” என்றார் சுவரைப் பார்த்தே. “நடுவுல நிண்டு நிண்டு வருது. திரும்ப இழுக்குதா உனக்கு? பம்ப் அடிக்கிறியா இல்லையா?”

ஆதிலாவுக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்தது எனக்குத் தெரியும். பாலம் இல்லாத காலம். நெஞ்சு அடைக்கிற நாட்களில் வாப்பாதான் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடுவாராம், தோணியில் அக்கரைக்குப் போய் ஆஸ்பத்திரிக் கதவடியில் இறக்கும்வரை அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டே போவாராம். இதை அவள் எங்களுக்கு ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். நான் வெட்டி வெட்டி மறைத்ததும், விரிவுரையாளர் மௌனம் என்றதும், யசோதராவுக்குப் பிடிபடாததும் அந்த இழுப்புத்தான். நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்திருக்கிறது.

“கொஞ்சம் இழுக்குது வாப்பா,” என்றாள் ஆதிலா.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும். வெயிலில் நின்று வேலைசெய்துவிட்டு வந்த ஒரு மனிதனின் களைப்பு மட்டும்தான் இருந்தது. “நான் கேக்கல்ல, நீயும் சொல்லல்ல. அப்பிடியே இரிக்கட்டும். மாமி வீட்டாக்களுக்கு இப்ப ஒண்டும் தெரிய வேணாம். கலியாணம் முடியட்டும். பிறகு ஆறுதலாக் கதைப்பம்.” படியில் இறங்கினார். இறங்கும்போது, “மருந்து முடிஞ்சா போற வழியில வாங்குவம்,” என்றார். கீழே மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம், இரண்டு உதையில் பிடித்துக்கொண்டது.

அந்தப் ‘பிறகு’ என்ன பிறகு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் உடன்பிறந்த ராத்தாவுக்கு வந்த ஆசிரியர் நியமனமும் ஒரு காலத்தில் ‘பிறகு’தான். மூன்று பிள்ளைகளாகிவிட்டன, அந்தக் கடிதம் இன்னும் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. ஆதம்பாவா மாமா நல்ல மனிதர். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களை எதிர்த்து எப்படிக் கதைப்பது என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. ஆதிலா எழுந்து பையைத் தோளில் போட்டாள். நான் திரையை மறுபடி எரியவிட்டேன். அவள் முகம், வாய் பாதி திறந்தபடி, நிறுத்திய இடத்தில் நின்றது.

“அப்ப யசோட முகத்தோடதான் போகுது,” என்றேன். “இல்லாட்டி எல்லாத்தையும் எடுத்திட்டுக் கடல மட்டும் போடுறன். ரெண்டுல ஒண்டச் சொல்லு. எனக்கும் ஏலாமப் போகுது ஆதிலா.”

வாசல்வரை போனவள் அங்கேயே நின்று ஃபோனை எடுத்தாள். வாப்பாவுக்கு இதோ வாறன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பெருவிரலால் எதையோ அமத்திப் பிடித்துக்கொண்டு ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். தொண்டையைச் செருமினாள். பிறகு பாடினாள், முன்னோட்டத்தில் இல்லாத கடைசிச் சரணத்தை, வெளியில் இன்னும் யாரும் கேட்டிராததை.

போன தோணி போகட்டும்
பொழுது இன்னும் சாயல்ல
ஆன மட்டும் கூப்பிட்டன்
அடுத்த கரை தூரமில்ல

கிட்டார் இல்லை, ஒன்றும் இல்லை. மழைக்கு முந்தின காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. முதல் வரியில் குரல் நடுங்கியது. ‘பொழுது’ என்பதற்கும் ‘இன்னும்’ என்பதற்கும் இடையில் மூச்சு வாங்கியது, ‘கூப்’ என்று நின்று, தோள் ஏறி, ‘பிட்டன்’ என்று இறங்கியது. எனக்கு மறைக்க வேண்டிய ஒன்றும் அதில் தெரியவில்லை. இரண்டாவது வரி வரும்போது கீழே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் நின்றது. தானாக நின்றதா நிறுத்தினாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆதிலாவும் பார்க்கவில்லை. கடைசிச் சொல்லை முடித்து, விரலை எடுத்தாள். ஃபோன் ‘ஸ்விப்’ என்றது.

வந்து என் மேசையில் ஃபோனை வைத்தாள். பல்கீஸ் மாமி. முப்பத்தெட்டு செக்கன். ஒரு சரி அடையாளம், பிறகு இரண்டு, இரண்டும் சாம்பல் நிறம்.

“அழிக்கலாம்,” என்றேன். “இப்பவெண்டா ஏலும். அவ இன்னும் கேக்கல்ல.”

“நீ இன்னும் என்னென்ன அழிக்கப்போற?” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. கதிரையில் இருந்தாள். தன் நெஞ்சில் கையை வைத்து மூச்சைச் சமப்படுத்திக்கொண்டாள். கீழே தெருவில் மழை விழத் தொடங்கியது. றுவைஸ் நானா யாரையோ, உள்ளுக்கு வாங்க, நனையாதீங்க என்று கூப்பிட்டார். ஆதம்பாவா மாமாவைத்தானாக இருக்கும். அவர் மேலே வந்து கூப்பிடவில்லை.

இரண்டு அடையாளங்களும் நீலமாயின, மாமி திறந்துவிட்டார். நான் மணியைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாது. முப்பத்தெட்டு செக்கன் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு மாமியின் பெயருக்குக் கீழே அந்தச் சின்ன ஒலிவாங்கிப் படம் வந்தது. மாமி பேசிப் பதிவுசெய்கிறார். ஆதிலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். படம் மறைந்தது. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது, முந்தினதைவிட அதிக நேரம் நின்றது, அதுவும் ஒன்றையும் அனுப்பாமலே மறைந்தது. அங்கே கிண்ணியாவில், அடுப்படியில் நின்றபடி, பல்கீஸ் மாமி எதையோ சொல்லிச் சொல்லி அழித்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது தரமும் அந்தப் படம் வந்தது.